மதிலிலிருந்து இருபத்து மூன்று தப்படி

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதச் சொன்னேன். மருமகள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். சரி, பாதிச் சுகம். உன் அக்காவுக்கு முழங்கால் வலி. எனக்குக் காது இன்னும் மோசம். நீ தொலைபேசியில் பேசினால் தவளை கத்துவது மாதிரிதான் கேட்கிறது. அதனால் கடிதமே கதி. உன் சுகத்துக்கும் தங்கச்சி சுகத்துக்கும் எழுது.

ஒரு சேதி. நான் எழுத ஆரம்பித்திருக்கிறேன். சிரிக்காதே. கைநாட்டுக்காரன் எழுதக்கூடாது என்று சட்டமா இருக்கிறது? மருமகள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் கணினி உண்டு. சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் முக்காலி போட்டு உட்கார்ந்து நான் சொல்வேன், அவள் தட்டுவாள். வலைப்பதிவு என்று பெயராம். என் பதிவுக்கு 'வால்வுக்காரர்' என்று வைத்திருக்கிறோம். நாற்பத்தொரு வருடம் தெருத்தெருவாக வால்வு திறந்து தண்ணீர் விட்டவன் வேறு என்ன பெயர் வைப்பான்? எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய், எந்த வால்வு எத்தனை சுற்றில் மூடும், எல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறேன். முந்நூறு பேர் படிக்கிறார்களாம். நான் வேலையில் இருந்தபோது முப்பது பேர்கூட என் பேச்சைக் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். எங்கள் தெருவிலும் பக்கத்து இரண்டு தெருக்களிலும் தண்ணீர் திறந்ததும் முதல் பத்து நிமிடம் சாக்கடை வாடை. இதுவரை பதினொரு பேருக்கு மஞ்சள் காமாலை. தண்ணீர் அலுவலகம் என்ன சொல்கிறது? "ஆறு வருடம் முன்பு புதுக் குழாய் போட்டோம், பழைய இரும்புக் குழாயை இரண்டு முனையிலும் அடைத்துவிட்டோம்" என்கிறது. இரண்டு முனை சரி. மூன்றாவது ஒன்று இருக்கிறதே, அதை யார் அடைத்தது? மழை பொய்த்த வருடம் பெரிய குழாய் வெடித்தபோது அவசரத்துக்கு ஒரு குறுக்கு இணைப்புப் போட்டோம். போட்டது நாங்கள் நாலு பேர். மற்ற மூன்று பேரும் போய்ச் சேர்ந்தார்கள். வரைபடத்தில் ஏற்றச் சொன்னேன். "நாளைக்கு வரையலாம்ப்பா" என்றார் மேற்பார்வையாளர். அந்த நாளைக்கு இன்னும் விடியவில்லை. புதுக் குழாய் போட்டவர்கள் அந்த இணைப்பின் வாயிலேயே கோத்துவிட்டார்கள். சாக்கடையை ஒட்டிப் போகும் பழைய குழாயில் ஊறுகிற அழுக்கு, தண்ணீரை நிறுத்துகிற நேரத்தில் புதுக் குழாய்க்குள் இழுபடுகிறது.

அதற்கு வால்வு உண்டு. தபால் நிலைய மதிலின் வடக்கு மூலையிலிருந்து வடக்கே இருபத்து மூன்று தப்படி. தார் மூடிக் கிடக்கிறது. பதிவில் போட்டுவிட்டோம். நீ பெரிய பத்திரிகையில் செய்தி ஆசிரியன். நாலு வரி போடு. பதினொன்று பன்னிரண்டு ஆவதற்குள் போடு.

இப்படிக்கு,
உன் அத்தான் (கைநாட்டு)

மார்ச் 19

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அக்காவை மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல்லவும். நான் சொன்னால் கேட்க மாட்டாள், நீங்கள் சொன்னாலும் கேட்க மாட்டாள்; இருந்தாலும் சொல்லவும்.

உங்கள் பதிவை முழுவதும் படித்தேன். சுவையாக இருக்கிறது. ஆனால் அதைப் பத்திரிகையில் போட முடியாது. வருத்தப்பட வேண்டாம். எங்களிடம் ஒரு செய்தி நாலு கை மாறித்தான் அச்சுக்குப் போகும். நிருபர் எழுதுவார், உதவி ஆசிரியர் கேள்வி கேட்பார், நான் பார்ப்பேன், பிழை திருத்துபவர் பார்ப்பார். உங்கள் பதிவில் யார் கேள்வி கேட்டார்கள்? மருமகள் கேட்டாளா? நாளைக்கு இன்னொருவர் "ஆற்றில் விஷம்" என்று எழுதினாலும் அதையும் முந்நூறு பேர் படிப்பார்கள். மனதில் பட்டதை எல்லாம் எழுதினால் அதற்குப் பெயர் செய்தி இல்லை.

இன்னொன்று. "இளநிலைப் பொறியாளர் வாங்கித் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டார்" என்று ஒரு வரி இருக்கிறது. நீங்கள் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் இன்றே எடுத்துவிடுங்கள்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

அன்புடன்,
மச்சான்

மார்ச் 27

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று கடிதத்தின் கனத்திலேயே தெரிந்தது.

பொறியாளர் வரியை எடுத்துவிட்டோம். நான் பார்க்கவில்லை, கோபத்தில் சொன்னது. அதில் நீ சொன்னது நியாயம். மற்றதில் இல்லை. செய்தி நாலு கை மாறும் என்கிறாய். எங்கள் தொழிலில் நாலு கை மாறினால் தண்ணீர் அழுக்காகும். போன வாரம் உன் பேப்பரில் "குடிநீர் தூய்மையாகவே உள்ளது, அதிகாரி விளக்கம்" என்று வந்ததை மருமகள் வாசித்தாள். அதிகாரி கொடுத்த காகிதம் நாலு கை மாறி வந்ததா, நாலு கைக்கும் தெரியாமல் வந்ததா? அந்த நாலு கையில் ஒரு கையாவது எங்கள் குழாயைத் திறந்து மோந்து பார்த்ததா?

கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம். உன் அக்கா சொல்கிறாள்: "சாக்கடையைக் கொதிக்க வச்சா சூடான சாக்கடை. அதையும் என் தம்பிகிட்ட எழுதுங்க." எழுதிவிட்டேன்.

உன் அத்தான் (கைநாட்டு)

ஏப்ரல் 22

அன்புள்ள மச்சானுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

ஞாயிற்றுக்கிழமை உன் பேப்பரின் நடுப்பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. பெயர் போடாத கட்டுரை. வலைப்பதிவு எழுதுகிறவர்களைப் பற்றி. "ஒரு ஊரில் ஓய்வுபெற்ற கடைநிலை ஊழியர் ஒருவர் மண்ணுக்கடியில் மர்மக் குழாய் இருப்பதாகப் பீதி கிளப்புகிறார்" என்று அதில் ஒரு வரி. முடிவில் "கரை கட்டாத ஏரி ஊருக்கு உதவாது" என்று ஒரு வாசகம். மருமகள் இரண்டாம் தடவை வாசிக்க மாட்டேன் என்றாள். தேவையில்லை, எனக்கு ஒரு தடவை போதும்.

தெருவில் இரண்டு பேர் என்னைப் பார்த்து, "என்ன மர்மக்குழாய், சவுக்கியமா?" என்றார்கள். நேற்று பதினான்காவது ஆள் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

அந்த ஏரி வாசகத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது. எழுதியவர் உனக்குத் தெரிந்தவரா?

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அத்தான் (கைநாட்டு)

மே 15

அன்புள்ள அத்தானுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். அலுவலகத்தில் வேலை அதிகம். ஆறு பேரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள், அவர்கள் மேசைகள் காலி. ஆட்கள் பேப்பர் வாங்குவதைவிடத் திரையில் படிப்பதுதான் அதிகம் என்கிறார்கள். இங்கே வெயில் கடுமை. உங்கள் காதுக்கு நல்ல மருத்துவர் ஒருவரை விசாரித்து வைத்திருக்கிறேன். அக்காவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். காலையில் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை.

கட்டுரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நடுப்பக்கத்தில் பலரும் எழுதுவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மச்சான்

ஜூன் 9

அன்புள்ள மச்சானுக்கு,

தைலம் வந்தது. உன் அக்கா பூசிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்தாள். திரும்பி வந்துதான் வலிக்கிறது என்றாள்.

வெற்றி! உன் பேப்பர் கிளப்பிய தூசியில் என் பதிவுக்கு ஆயிரத்து எழுநூறு பேர் வந்துவிட்டார்கள். பாதிப் பேர் திட்ட வந்தவர்கள். திட்டினாலும் 'தோண்டிப் பாருங்கள்' என்ற மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மனுவைக் கொண்டுபோய்த் தண்ணீர் அலுவலகத்தில் வைத்தோம். வியாழக்கிழமை தோண்டுகிறார்கள். இளநிலைப் பொறியாளரே வந்து, "எங்க தோண்டணும், காட்டுங்க" என்றார். தபால் நிலைய மதில் மூலையில் முதுகை வைத்து நின்றேன். இருபத்து மூன்று தப்படி நடந்தேன். சுண்ணாம்பால் வட்டம் போட்டாயிற்று.

உன் நாலு கையையும் அன்றைக்கு வரச் சொல்.

அத்தான் (கைநாட்டு)

ஜூலை 20

மதிப்பிற்குரிய சின்ன மாமாவுக்கு,

மருமகள் எழுதுவது. மாமா சொல்லி எழுதவில்லை. அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

மாமா எழுதியிருந்த அந்த வியாழக்கிழமை ஆறடி நீளம், ஐந்தடி ஆழம் தோண்டினார்கள். வெறும் மண். ஒரு உடைந்த ஓடு, ஒரு செருப்பு. தெருவே கூடியிருந்தது. யாரோ அந்தச் செருப்பைத் தூக்கிக் காட்டி, "இதுதான் வால்வாப்பா?" என்றதும் சிரிப்பு ஆரம்பித்தது. மாமா குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் உங்கள் பத்திரிகையில் படத்தோடு வந்தது: "மர்மக் குழாய்: கிடைத்தது செருப்பு."

அன்றிலிருந்து ஜெராக்ஸ் கடைப் பக்கம் வரவில்லை. "பதிவை மூடிடும்மா. என் ஞாபகத்துக்குத் துரு ஏறிடுச்சு" என்றார். நான் மூடவில்லை. அத்தை மட்டும் ஒரு நாள் சத்தம் போட்டார்கள்: "நம்ம கல்யாணத்துல எத்தனை பேர் வந்தாங்க, யார் யார் எங்க உக்காந்தாங்கன்னு இப்பவும் சொல்றீங்க. ஒரு வால்வு எங்க இருக்குன்னு தெரியாதா?" மாமா எழுந்து போய்விட்டார். அவர் பதில் சொல்லாமல் போனதை நான் இந்த வீட்டுக்கு வந்து பார்த்ததே இல்லை.

வாடை போகவில்லை. இப்போது பத்தொன்பது பேர். கையெழுத்துக் கோணலாக இருந்தால் மன்னிக்கவும். பன்னிரண்டு நாளாகப் படுத்தே இருக்கிறேன், கண் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. அந்தப் பத்தொன்பதில் நானும் ஒருத்தி. மாமாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்பவர். ஒரு தடவை மாமாவுக்காகத் தேடிப் பாருங்களேன்.

பணிவுடன்,
மருமகள்

ஆகஸ்ட் 17

அன்புள்ள அத்தானுக்கு,

மருமகள் உடம்பு தேறுகிறதா? முதலில் அதை எழுதச் சொல்லுங்கள்.

அந்தக் கட்டுரையை எழுதியது நான்தான். ஏரி வாசகமும் என்னுடையதுதான். ஊர் ஊராகப் பதிவுகள் முளைத்து எங்கள் மேசைகள் காலியாகிற கோபத்தில் எழுதினேன். அதில் ஒரே ஒரு இடத்தைக்கூட நான் சரிபார்க்கவில்லை. உங்களுக்கு ஒரு கடிதம் போடவில்லை, நம் ஊர் நிருபரை அந்தத் தெருவுக்கு அனுப்பவில்லை. யார் கேள்வி கேட்டார்கள் என்று உங்களைக் கேட்டேன். என்னை யாரும் கேட்கவில்லை. எழுதியது என் கைதானே என்று மற்ற மூன்று கையும் விட்டுவிட்டன.

பத்தொன்பது நாளாக மதிய உணவு நேரத்தில் எங்கள் பழைய பேப்பர்க் கட்டுகள் இருக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். வால்வு பற்றி ஒரு வரி இல்லை. வேறு ஒன்று இருக்கிறது. இருபத்தாறு வருடத்துக்கு முன், ஏழாம் பக்கம், விளம்பரத்துக்குக் கீழே மூன்று வரி: "சாலை அகலப்படுத்தும் பணிக்காகத் தபால் நிலையத்தின் வடக்கு மதில் இடிக்கப்பட்டு, பதினொரு அடி உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது."

எனக்கு மூன்று கேள்வி. நீங்கள் எண்ணியது எந்த மதிலிலிருந்து? மதிலை இடித்த வருடம் ஊரில் இருந்தீர்களா? அதற்குப் பிறகு அந்த வால்வை ஒரு தடவையாவது திருகியிருக்கிறீர்களா?

மறைத்ததற்கு மன்னிக்கவும்.

மச்சான்

ஆகஸ்ட் 22

மச்சான்!

சுகமெல்லாம் கடைசியில். நான் எண்ணியது பழைய மதிலிலிருந்து. அந்த வருடம் நான் ஊரில் இல்லை. பதினொரு மாதம் வேறு ஊரில் குழாய் போட அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தபோது மதில் மதிலாகத்தான் நின்றது, அதே காவி நிறம், மேலே அதே கண்ணாடிச் சில்லு. பாவிகள் நிறத்தையாவது மாற்றியிருக்கக் கூடாதா? வால்வை அதற்கப்புறம் நான் தொட்டதே இல்லை.

கடிதத்தை வாசித்துக் கேட்டதும் இன்னொரு சந்தேகம் வந்தது. மதில் நகரலாம் என்றால் நான் மட்டும் அப்படியேவா இருக்கிறேன்? தெருத் திருப்பத்துக் கல்லிலிருந்து கோடிவீட்டு வால்வு அந்தக் காலத்தில் நாற்பது தப்படி. அதன் மூடி இன்றைக்கும் கண்ணுக்குத் தெரிகிறது. நடந்து பார்த்தேன். ஐம்பது! இன்னொரு தடவை நடந்தேன். ஐம்பது! என் கால் குறுகிவிட்டது, மச்சான். அப்போது இருபத்து மூன்று என்றால் இப்போது இருபத்தொன்பது நடக்க வேண்டும். அதோடு உன் பதினொரு அடி.

உன் அக்கா சொல்கிறாள்: "யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்லுவாங்க. இவருக்கு அடியே சுருங்கிப்போச்சு."

இது ஞாபகத் துரு இல்லை. எண்ணிக்கை சரி. எண்ண ஆரம்பித்த இடமும் எண்ணிய காலும்தான் பிசகு.

கட்டுரை உன்னுடையது என்று அன்றைக்கே தெரியும். நீ கல்லூரியில் படித்தபோது என் வீட்டுக் கூடத்தில் யாரோடோ வாதாடி இதே ஏரியைக் கட்டினாய். நீலச் சட்டை, மேல் பொத்தான் இல்லை. நீயாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். சொல்லிவிட்டாய், தீர்ந்தது.

மருமகள் இன்று இரண்டு கரண்டி கஞ்சி குடித்தாள். இதையும் அவள்தான் எழுதுகிறாள், படுத்தபடி.

அத்தான் (கைநாட்டு)

செப்டம்பர் 5

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் வருகிறது. உங்கள் பதிவு, நீங்கள் சொன்ன சொல் மாறாமல். அதன் பக்கத்தில் அந்த மூன்று வரிச் செய்தியின் படம். கீழே, நாற்பது ஐம்பதான கணக்கு. நம் ஊர் நிருபர் டேப் வைத்து அளந்து சரி என்று சொல்லிவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, என் ஏப்ரல் கட்டுரை தவறு என்று என் பெயரைப் போட்டு நானே எழுதியிருக்கிறேன்.

ஆசிரியரிடம் இரண்டு நாள் பேச வேண்டியிருந்தது. என்ன பேசினேன் என்பது வேண்டாம்.

மச்சான்

செப்டம்பர் 24

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லோரும் சுகம். இந்தத் தடவை மருமகள் பேனாவை நிறுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் தோண்டினார்கள். மூன்று தெரு ஜனமும் தபால் நிலையத்தின் உள்ளேகூட நின்றது. பொறியாளர் டேப் பிடித்துப் பதினொரு அடி அளந்து நிறுத்தி, "இனிமே நீங்க நடங்க" என்றார். நடந்தேன். நான் வாய்க்குள் எண்ண, முதலில் உன் அக்கா உரக்க எண்ண ஆரம்பித்தாள். பத்துக்கு மேல் தெருவே எண்ணியது. என் காதுக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது. நின்றேன்.

மூன்றடி போனார்கள். மண். நாலடி. மண். பொறியாளர் என்னைப் பார்த்தார். "இன்னும் ஒரு சாண் போங்க" என்றேன். "நிச்சயமாத் தெரியுமா, ஐயா?" என்றார். "நான்தான் புதைச்சேன். என்னைத் தவிர யாருக்குத் தெரியும்?" என்றேன். கடப்பாரை இறங்கியது. இரும்பில் பட்ட சத்தத்தை நான் கேட்கவில்லை, மச்சான்; கால் வழியாகத்தான் தெரிந்தது. அதற்குள் ஜனங்கள் போட்ட சத்தத்தில் தபால் நிலையக் கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன.

வால்வு திறந்தே கிடந்தது. ஆள் ஒருவன் குழிக்குள் இறங்கி வலது பக்கமாகத் திருகினான், அசையவில்லை. துரு பிடித்துவிட்டது, உடைக்கலாம் என்றார்கள். "இது இடது பக்கம் மூடுற வால்வு, பதிமூணு சுத்து" என்றேன். திருகினான். பதிமூன்றாவது சுற்றில் நின்றது. பொறியாளர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றிவிட்டார். மறுநாளே அந்த இணைப்பை அறுத்து எடுத்து இரு பக்கமும் அடைத்தாயிற்று. உள்ளே இருந்த கருப்புச் சேற்றை வாளியில் எடுத்து எல்லோருக்கும் காட்டினார்கள், பார்த்தவர்கள் சாப்பிடவில்லை.

உன் பேப்பர் நிருபர் நோட்டோடு வந்து, "ஐயா, உங்க கருத்தைச் சொல்லுங்க, கேட்டுட்டுத்தான் போடுவேன்" என்றார். "போன தடவை கேக்காமலே செருப்பைப் போட்டீங்களே தம்பி" என்றேன். பாவம், முகம் சுண்டிவிட்டது. பிறகு நல்லபடியாகவே சொன்னேன். சொன்னது சொன்னபடி வந்திருக்கிறது. மருமகள் அதைப் பதிவில் ஏற்றினாள். கீழே உன் மூன்று வரிச் செய்தியையும், அது எந்த நாள், எந்தப் பக்கம் என்பதையும் போட்டாள். இனிமேல் என் பதிவில் எது வந்தாலும் எங்கிருந்து எண்ணினேன், யார் அளந்தார்கள் என்று சேர்த்தே வரும். நீ சொல்லிக் கேட்டதாக நினைக்காதே, குழி சொல்லிக் கேட்டேன்.

எட்டு நாளாக வாடை இல்லை. புதிதாக ஒருவரும் படுக்கவில்லை. நேற்று மருமகள் எழுந்து போய்க் குழாயைத் திறந்து, முதல் தண்ணீரைக் கையில் பிடித்து மோந்து பார்த்தாள். பிறகு அதிலேயே முகம் கழுவிக்கொண்டாள்.

பொறியாளர் புது வரைபடம் போடுகிறார். முதல் நாள் வழக்கம்போல, "எல்லாத்தையும் எழுத்துல குடுங்க, ஐயா" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்குச் சங்கடம். பிறகு பேண்ட்டைப் பற்றிக் கவலைப்படாமல் மண்குவியலின் மேலேயே உட்கார்ந்து, நோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு, "சரி, நீங்க சொல்லுங்க. நான் எழுதுறேன்" என்றார்.

இப்போது மூன்றாவது நோட்டு. வாசலில் வந்து நிற்கிறார், இன்றைக்குத் தெற்குத் தெருக்கள். தங்கச்சிக்கும் உனக்கும் எங்கள் எல்லோருடைய அன்பும்.

உன் அத்தான் (கைநாட்டு)